கயிறு மாற்றிக் கொடுத்த காளை

அபராதம் ரெண்டே ரூபாய். அதைக் கட்ட விடாமல் தடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லிக்கொண்டு வர வேண்டாம். அவர் பாவம், வேட்டி மடியில் ரூபாயை முடிந்துகொண்டு கிளம்பிய மனிதர். வாசலை மறித்துக்கொண்டு நின்றது நான்.

முப்பதுகளின் தொடக்கம். நெல் விலை தரையில் கிடந்த வருஷங்கள். குச்சனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக நஞ்சை, ஒரு கட்டை வண்டி, ஒரு ஜோடி மாடு. வலத்தில் மயிலை, இடத்தில் செவலை. உழவுக்கும் அவைதான், வண்டிக்கும் அவைதான். நடவுக்கு முன்னால் எங்கள் வயலை உழுது முடித்துவிட்டு, என் வீட்டுக்காரர் ஊரில் நாலு பேர் வயலையும் கூலிக்கு உழுவார். மற்ற மாதங்களில் வண்டிச் சத்தம், அதாவது வண்டி வாடகை, கிடைக்கும். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த எட்டுக் கால்களால்தான்.

அந்த வருஷம் எனக்கு முதல் பிரசவம். ரெண்டு நாள் வலி எடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. ஊர் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வண்டியில் வைக்கோலைப் பரப்பி என்னைப் படுக்க வைத்து உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார் என் வீட்டுக்காரர். வழியெல்லாம் மாட்டை அதட்டிக்கொண்டே வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் ரோட்டோரப் புளிய மரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

டவுனுக்குள் வரும் வண்டிகளை வண்டிப்பேட்டையில்தான் நிறுத்த வேண்டும். பேட்டையைக் குத்தகைக்கு எடுத்தவருக்குக் காசு கொடுக்க வேண்டும். ரோட்டில் அவிழ்த்துப் போட்டால் குற்றம். எங்களுக்குத் தெரியாத சட்டமில்லை. ஆனால் பேட்டை இருப்பது சந்தைக்கு அந்தப் பக்கம். பெண்டாட்டி உயிருக்குப் போராடும்போது அங்கே போய் வண்டியை நிறுத்திவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வர வேண்டுமாக்கும்!

சாயங்காலம் திரும்பினோம். என் மடியில் துணி சுற்றிய பிள்ளை. அது அழவே இல்லை. பிறக்கும்போதே போய்விட்டிருந்தது. வண்டி பூட்டப் போனவர் நுகத்தடியில் செருகியிருந்த ஒரு சீட்டை எடுத்து இடுப்பில் சொருகினார். என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை.

மாதம் ஒன்று கழிந்து கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது. மூன்றாம் வகுப்புவரை படித்தவள் நான், எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இன்ன தேதியில் பொது ரஸ்தாவில் வண்டியை நிறுத்திய குற்றத்துக்கு அபராதம் ரெண்டு ரூபாய் என்று இருந்தது. அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு எரிந்தது. சர்க்காரிடம் அந்த நாளைப் பற்றி இருந்த ஒரே எழுத்து அதுதான். பிள்ளை பிறந்ததையும் எவனும் எழுதவில்லை, செத்ததையும் எழுதவில்லை. வண்டி நின்றதை மட்டும் எழுதி வைத்திருக்கிறான்.

"கட்டித் தொலைச்சிருவம் புள்ள. ரெண்டு ரூவாதான" என்றார்.

"அந்த நாளுக்கா தெண்டம்? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் கட்ட விட மாட்டேன். நீங்க கட்டிட்டு வந்தா இந்த வீட்டுல ஒலை வைக்க மாட்டேன், பாத்துக்கங்க."

அவர் மடியை அவிழ்த்து ரூபாயை உறியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த காகிதங்களை நான் அடுப்பில் வைத்தேன். நன்றாகத்தான் எரிந்தன.

ஆற்றில் தண்ணீர் விட்ட நாலாம் நாள் காலையில் அமீனா வந்தார். கோர்ட்டு உத்தரவைக் கொண்டுவந்து சாமானை ஜப்தி செய்கிற சேவகரை நாங்கள் அமீனா என்போம். கூட டவாலி என்கிற கோர்ட்டுப் பியூன் ஒருவன், வேறு ஒரு ஆள். அந்த ஆளின் தோளில் புதுக் கயிறு ஒன்று கிடந்தது. என் வீட்டுக்காரர் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை பார்க்கப் போயிருந்தார். வண்டியின் சக்கரம் ஆசாரி வீட்டில் கிடந்தது. தொழுவத்தில் ரெண்டு மாடும் நின்றன.

அமீனா கத்தவில்லை, திட்டவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. மெதுவாகத்தான் பேசினார்.

"கோபப்படாத ஆத்தா. நான் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன். ரெண்டு மாட்டையும் ஓட்டச் சொல்லித்தான் இருக்கு. நான் ஒண்ணோட போறேன்" என்றார்.

அப்படி எந்த உத்தரவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குக் கை கால் ஓடவில்லை. வாய்க்காலுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தெருவில் எல்லாரும் வயலில் இருந்தார்கள். மயிலையைக் காட்டி, "இது போதும்" என்றார். டவாலி கட்டுத்தறிக்குப் போனான். அப்போது அமீனாவே அவனைத் தடுத்தார்.

"ஏலே, இருடா. வெள்ளாமை பண்ற சம்சாரி வீட்டு மாடு. ஆத்தா, கயிறு மாத்தணும்னா மாத்திக்க. நான் அவசரப்படுத்தல. இந்தா, இவன்கிட்டப் புதுக் கயிறு இருக்கு."

எங்கள் பக்கத்தில் மாடு ஒரேயடியாக வீட்டை விட்டுப் போகும்போது அதன் பிடிகயிற்றோடு அனுப்ப மாட்டோம். வீட்டுப் பெண்பிள்ளை புதுக் கயிற்றைக் கட்டிவிட்டுப் பழையதை அவிழ்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கயிற்றோடு அனுப்பினால் தொழுவத்து லட்சுமியும் பின்னாலேயே போய்விடுவாள், மிச்ச மாடும் தங்காது என்பார்கள். நான் அதை நம்பினேன். பிள்ளை போய்விட்டது, மயிலை போகப் போகிறது, செவலையாவது தங்கட்டும் என்றுதான் எனக்கு அந்த நேரத்தில் புத்தி போனது. அந்த ஆள் நீட்டிய கயிற்றை வாங்கி மயிலையின் கழுத்தில் கட்டினேன். பழையதை அவிழ்த்தேன். நெற்றியைத் தடவிவிட்டு, கயிற்று நுனியை அந்த ஆள் கையில் கொடுத்தேன். சர்க்கார் வேலையில் இப்படியும் ஒரு நல்ல மனுஷன் இருக்கிறானே என்று அமீனாவைப் பற்றி நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

வீட்டுக்காரர் வந்தபோது நான் பழைய கயிற்றைப் பரணில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் தொழுவத்தைப் பார்த்தார். உறியில் கிடந்த ரெண்டு ரூபாயை எடுத்துக்கொண்டு உத்தமபாளையத்துக்கு நடந்தார். இந்தத் தடவை நான் மறிக்கவில்லை.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார், கையில் அதே ரெண்டு ரூபாயும் ஒரு துண்டுக் காகிதமும். நான் வாசித்தேன். வாரண்டுக் கட்டணம், அமீனாவுக்கு வண்டிச் சத்தம், டவாலிக்குப் படி, மாட்டுக்குக் காவல் கூலி, மாட்டுக்குத் தீவனம். எல்லாம் சேர்த்து ஒன்பது ரூபாய், அபராதம் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். ஒன்பது ரூபாய்க்கு அன்றைக்கு நாங்கள் எங்கே போவது? நாளாக நாளாகத் தீவனமும் காவலும் ஏறும் என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"வண்டிச் சத்தமா? அவுக நடந்துல்ல வந்தாக! நான் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"நீதான் பாத்த. கோர்ட்டு பாத்துச்சா?" என்றார் அவர்.

மறுநாள் ரெண்டு பேரும் போனோம். டவுனுக்குக் கால் மைல் இருக்கும்போது அவர் சட்டென்று நின்றுவிட்டார். ரோட்டோர வயலில் உழவு நடந்துகொண்டிருந்தது. ஏரில் வலத்து மாடு மயிலை. எங்கள் மயிலை! கூட ஏதோ ஒரு நோஞ்சான் மாடு. இழுப்பெல்லாம் மயிலை மேல்தான் விழுந்தது. கழுத்தில் நுகம் அறுத்து ரத்தம் கசிந்திருந்தது. ஏரைப் பிடித்திருந்தவன் அன்றைக்குக் கயிறு கொண்டுவந்த ஆள். விசாரித்ததில் அமீனாவுக்கு மைத்துனனாம்.

அவனை நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுதினால் காகிதம் நாறும். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தீவனக் கூலி எங்கள் தலையில், உழவு அவன் வயலில். இதற்கு மேல் என்ன அநியாயம் வேண்டும்?

கோர்ட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் மனு எழுதும் ராவுத்தர் ஒருவர் இருந்தார். வக்கீல்களுக்குத் தெரியாத சட்டமெல்லாம் அவருக்குத் தெரியும் என்பார்கள். வாங்கிய கூலி ஒரு பை கத்தரிக்காய். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தாயி, உழவு மாட்ட ஜப்தி பண்ணவே கூடாது. சம்சாரி பொழைப்புல கை வைக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அது ஒண்ணு. ஜப்தி பண்ணுன மாட்ட ஏருல பூட்டக் கூடாது. அது ரெண்டு. நடந்து வந்துட்டு வண்டிச் சத்தம் போட்டது மூணு. அவன் எங்கன ஓடுனாலும் முட்டுச் சந்துதான். மாடு உங்க தொழுவத்துக்கு வரும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடவுக்கு முன்னால் மயிலை வந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. குச்சனூரில் எள் தீபம் போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

விசாரணைக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. மாஜிஸ்திரேட்டு தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. கெட்ட மனிதர் இல்லை. எங்கள் மனுவைப் பொறுமையாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மயிலை மைத்துனனின் ஏரில் நின்றதைப் பார்த்த ரெண்டு பேர் சாட்சி சொன்னார்கள்.

"ஜப்தி செய்த மாட்டை உன் மைத்துனன் எப்படி உழவுக்குப் பூட்டினான்?" என்று அமீனாவைக் கேட்டார்.

அமீனா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாலைக் குடித்துவிட்டு வந்த பூனைக்குக்கூட அந்த முகம் வராது.

"நான் ஜப்தியே பண்ணலைங்கய்யா. மாட்டை அவுகளே வித்துட்டாக. என் மைத்துனன் பதினைஞ்சு ரூபாய்க்கு வாங்கினான். அதுல அபராதத்தையும் கட்டணத்தையும் பிடிச்சிக்கிட்டேன். மிச்சம் நாலு ரூவா என்கிட்ட பத்திரமா இருக்கு. வாங்கின மாட்டை அவன் உழுகாம யாரு உழுவா?"

கோர்ட்டென்றும் பார்க்காமல் நான் கத்திவிட்டேன். "அடப்பாவி! எப்படா வித்தோம்? பதினைஞ்சு ரூவாய்க்கு அந்த மாட்டுக் கொம்பு வருமா?"

மாஜிஸ்திரேட்டு என்னை அதட்டவில்லை. அமீனாவிடம்தான் கேட்டார். "விற்றதற்கு என்ன அத்தாட்சி?"

"இந்த ஆத்தாவையே கேளுங்க. கயித்த மாத்திக் குடுத்தது யாருன்னு."

குமாஸ்தா எழுந்து குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். வீட்டுப் பெண்பிள்ளை கயிறு மாற்றி நுனியைக் கையில் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றதற்கு அதுதான் அத்தாட்சி, அதை விளக்கியிருக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, மாட்டின் கயிற்றை மாற்றியது யார்?"

கூட்டத்தின் ஓரத்தில் ராவுத்தர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். டவாலி மாற்றினான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மயிலை வீட்டுக்கு வந்திருக்கும். ஆனால் எனக்கு அது மறைக்க வேண்டிய விஷயமாகவே படவில்லை. என்னைப் பார்த்து, நீ வீட்டு முறை தெரியாதவளா என்று கேட்டது போலத்தான் இருந்தது.

"நான்தான் மாத்துனேன். கயிறு மாத்தாம மாட்ட அனுப்புவாகளா? நாங்க என்ன முறை தெரியாதவுகளா?"

நுணலும் தன் வாயால் கெடும். சொல்லி முடித்த பிறகுதான் ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

"புதுக் கயிறு யாருடையது?"

"அந்த ஆளு குடுத்தது."

"நுனியை யார் கையில் கொடுத்தீர்கள்?"

"அந்த ஆளு கையிலதான். ஆனா விக்கலைங்கய்யா! விக்கிறதுக்கு மட்டுமா மாத்துவோம்? திரும்பாமப் போற மாடு எதுக்கும் மாத்துறதுதான். போற மாடுன்னு மாத்துனேன்."

அவர் எங்கள் மனுவை மடித்து வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிற மாட்டுக்குக் கயிறு மாற்றுவதுண்டா?"

என்ன சொல்வது? இல்லை என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அமீனாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தொழுவத்தில் நான் மயிலையைக் கைவிட்டுவிட்டேன். புருஷன் வருவதற்கு முன்னால், கோர்ட்டு சொல்வதற்கு முன்னால், நானே அது போய்விட்டது என்று முடிவு கட்டி அனுப்பி வைத்தேன். அதைத்தான் அந்த மனிதர் கேட்டார்.

தீர்ப்பை அப்போதே சொன்னார். ஜப்தி நடக்காதபோது தீவனம் ஏது, காவல் ஏது, படி ஏது, வண்டிச் சத்தம் ஏது? எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தார். வாரண்டுக் கட்டணம் எட்டணா மட்டும் செல்லும். மாட்டு விலை பதினைந்தில் அபராதமும் அந்த எட்டணாவும் போக மிச்சத்தை அமீனா அங்கேயே திருப்பித் தர வேண்டும். பொய்க் கணக்கு எழுதியதற்கும் மைத்துனனை இதில் நுழைத்ததற்கும் அமீனாவைக் கண்டித்து எழுதினார். மாடு வாங்கியவனுக்குச் சொந்தம்.

நாங்கள் ஜெயித்துவிட்டோமாம். வெளியே வந்ததும் யாரோ சொன்னார்கள், அமீனாவிடமிருந்து காசைத் திரும்ப வாங்கிய முதல் ஆள் இந்தத் தாலுகாவிலேயே நீங்கள்தான் என்று. அமீனா பன்னிரண்டரை ரூபாயை எண்ணி என் வீட்டுக்காரர் கையில் வைத்தார். முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. "வரேன் ஆத்தா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு வேறு போனார். தீவனக் கணக்கில் நாங்கள் அவரை மடக்க மடக்க, அவர் விற்பனை என்ற ஓட்டை வழியாக வெளியே போய்விட்டார். அந்த ஓட்டையை என் கையால் நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன்.

ராவுத்தர் மட்டும் அருகில் வந்தார். "மொதல்லயே கயித்தப் பத்தி ஏன் தாயி சொல்லல?"

"நீங்க கேக்கலையே" என்றேன். சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

பன்னிரண்டரை ரூபாய்க்குச் செவலையோடு ஜோடி சேர்கிற மாடு கிடைக்கவில்லை. கம்பம் சந்தைக்கு ரெண்டு வாரம் போய் வந்தார். பிறகு ஒற்றை மாடு வைத்திருந்த இன்னொருவரோடு கூட்டு ஏர் கட்டினோம். அவர் வயல் முடிந்துதான் எங்கள் வயல். நடவு இருபது நாள் பிந்தியது. கதிர் வாங்குகிற நேரத்தில் குளிர் விழுந்து பாதிக்கு மேல் பதராகப் போனது. வட்டிக்கு வாங்கிய விதை நெல்லைக்கூடத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்.

இத்தனைக்கும் என் வீட்டுக்காரர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. கட்ட விடாதது நீ, கயிறு மாற்றியது நீ, கோர்ட்டில் ஒப்புக்கொண்டது நீ என்று ஒரு தடவையாவது என்னைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். மனுஷன் பேசாமல் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போவார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தை மாதம் செவலையையும் விற்க வேண்டியதாயிற்று. சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து விலை பேசி முடித்தார். நல்ல மனிதர். தோளில் புதுக் கயிறு கொண்டுவந்திருந்தார். அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மாத்திக் குடு தாயி."

என் கை எழவில்லை. "கயித்தோடயே ஓட்டிட்டுப் போங்க" என்றேன்.

"அய்யய்யோ, அப்படிச் சொல்லலாமா? வீட்டுக்கு ஆகாது தாயி. நீதான் அவுக்கணும்."

"நான் அவுக்க மாட்டேன். எந்த மாட்டையும் இனிமே நான் அவுக்க மாட்டேன்." ஊருக்கே கேட்கக் கத்திவிட்டேன். பெரியவர் ஒன்றும் புரியாமல் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரர் அதுவரை படலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வந்தார். பெரியவர் கையிலிருந்து புதுக் கயிற்றை வாங்கினார். ஆம்பிளைகள் செய்கிற வேலை இல்லை அது, எங்கள் வீட்டில் யாரும் செய்ததுமில்லை. செவலையின் கழுத்தில் புதுக் கயிற்றைக் கட்டிவிட்டு, பழையதை அவரே அவிழ்த்தார்.

"ஆரும் கேட்டா நான்தான் அவுத்தேன்னு சொல்லு" என்றார் என்னிடம்.

பிறகு அந்தக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பரணில் மயிலையின் கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.